குதிகால் முடிச்சு

போர் தொடங்கிய நான்காம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, வடக்கேயிருந்து வரும் தபால் ரயில் வேலாந்துறை நிலையத்தில் நின்று பெருமூச்சு விட்டபோது, மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ் இறங்கியது. ஆள் இல்லாமல், கால் இல்லாமல், ஆனால் உள்ளே கால் இருந்தால் எப்படி நடக்குமோ அப்படி வலதும் இடதுமாக எட்டு வைத்து, நடைமேடையைக் கடந்து, ரயில்வே கேட்டைத் தாண்டி, உப்பளச் சாலை வழியே மீன் ஏலக்காரி செசிலியின் வீட்டு வாசலுக்கு வந்து, நெடுந்தூரம் நடந்தவர்கள் படுப்பதுபோல் மெல்லப் படுத்துக்கொண்டது.

டிக்கெட் பரிசோதகர் அன்று மாலை நிலைய அதிகாரியிடம் சொன்னது இவ்வளவுதான்: "டிக்கெட் கேக்கலாமான்னு யோசிச்சேன் சார். மிலிட்டரிச் சாமான் மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்."

செசிலி குனிந்து அதை எடுத்தாள். நனைந்திருந்தது. பெருவிரல் இருக்கவேண்டிய முனையில் வெள்ளையாக, கெட்டியாக, கைபட்டால் சுடுவதுபோல் குளிர்ந்த ஏதோ ஒன்று ஒரு பிடி இருந்தது. எங்கள் ஊர் பார்த்த முதல் பனி அதுதான். தெருப்பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு தரம் தொட்டுப் பார்த்தார்கள். செசிலி சாக்ஸின் வாய்விளிம்பைப் புரட்டினாள். உள்பக்கம் சிவப்பு நூலால் அவள் பெயர் அவள் கையாலேயே தைக்கப்பட்டிருந்தது. அவள் கத்தவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "யாரு பெத்த புள்ளையோ" என்றாள். அந்த வெயிலிலும் பனி பொழுது சாயும்வரை உருகவில்லை.

இதை எழுதும் நான் இந்த மாகாணத்து ஆளுநரின் மனைவி. பகலெல்லாம் அதுவாக இருக்கிறேன். ஏழு மாதக் குழந்தை சாருமதி தூங்கியபிறகு, விமானங்களுக்கு வெளிச்சம் தெரியக்கூடாதென்று கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னல்களுக்குள்ளே, மேசைக்கு அடியில் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாளிகையில் முப்பத்திரண்டு அறைகள். நாற்பது வேலைக்காரர்கள், ஒருவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. எனக்கு இருபத்துநான்கு வயது; அவருக்கு நாற்பத்தொன்பது. சாப்பாட்டு அறைச் சுவரில் அவருடைய முதல் மனைவியின் படம் இருக்கிறது. நான் குழம்பு ஊற்றிக்கொள்ளும்போதெல்லாம் அந்த அம்மாள் கரண்டியைக் கவனிப்பதுபோல் இருக்கும். சுகிர்தா என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் அவர் ஒருவர்தான், அவரும் மாதத்துக்கு நாலைந்து தடவைதான்.

போர் வந்தால் ஆளுநரின் மனைவி பின்னல் கழகம் நடத்தவேண்டும் என்பது இந்த மாளிகையின் வழக்கம். வடக்கு மலைகளில் எங்கள் மாகாணத்துப் பிள்ளைகள் பனியில் நிற்கிறார்கள், அவர்களுக்குக் கம்பளிச் சாக்ஸ் வேண்டும் என்று ராணுவம் பச்சைக் கம்பளி உருண்டைகளை லாரி லாரியாக அனுப்பியது. புதன்கிழமைதோறும் நடன மண்டபத்தில் முந்நூறு பெண்கள் கூடினார்கள். கடற்கரை ஊர், கம்பளியைக் கண்ணால் கண்டவர்களே இல்லை. சுங்கக் குமாஸ்தாவின் மனைவி ரஹ்மத் பீவி முதல்நாளே சொல்லிவிட்டாள்: "இதத் தொட்டாலே எனக்கு வேர்க்குரு வருது. இதக் கால்ல மாட்டிக்கிட்டு நடக்குற புள்ள எந்த மாதிரி இடத்துல நடக்குதோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் மாதிரிச் சாக்ஸை நானே பின்னினேன். செய்தவள் பெயரை உள்பக்கம் சிவப்பு நூலால் தைக்கவேண்டும் என்று சட்டம் போட்டதும் நான்தான். எங்கள் பள்ளியில் சிஸ்டர் யூலாலியா அப்படித்தான் செய்யச் சொல்வார், யாரைத் திட்டவேண்டும் என்று தெரிவதற்காக. ஆனால் ஒன்றை நான் எவரிடமும் சொல்லவில்லை. குதிகால் வளைவைப் பின்னக் கற்றுக்கொடுத்த வாரம் எனக்கு அம்மை போட்டிருந்தது. அந்த வளைவு எனக்குத் தெரியாது. எனவே அந்த இடத்தில் இரண்டு பக்கத்தையும் இழுத்து, ஒரு முடிச்சுப் போட்டு மறைத்துவிட்டேன்.

முந்நூறு பெண்களும் அந்த முடிச்சைப் போட்டார்கள். கவர்னரம்மா போட்டிருக்கிறார், காரணம் இல்லாமல் இருக்குமா என்று போட்டார்கள். ரேஷன் கடைக்காரரின் மனைவி பாக்கியத்தம்மாள் மரியாதைக்காக இன்னும் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள். மூன்றாம் மாதம்தான் ரஹ்மத் பீவி தலையைச் சொறிந்துகொண்டு கேட்டாள், "அம்மா, தப்பா நெனைக்காதீங்க, இது குதிகால்ல குத்தாதா?" நான் கான்வென்ட் பெண் சிரிக்கவேண்டிய விதத்தில் சிரித்து, "அது அப்படித்தான்" என்றேன். ஆறாயிரம் ஜோடி அந்த முடிச்சோடு மலையேறிப் போயிருந்தன.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு வாரத்துக்கு மூன்று, பிறகு நாளுக்கு நான்கு என்று சாக்ஸுகள் வரத் தொடங்கின. ஊர் பழகிக்கொண்டது. கேட்கீப்பர் இசக்கிமுத்து, அவை தண்டவாளத்தைக் கடக்கும்வரை சரக்கு ரயிலைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்திவைத்தான். பேருந்து நடத்துனர்கள் மணியை ஒருதரம் அடித்து நிறுத்தி, அவை போனதும் இருதரம் அடித்துக் கிளம்பினார்கள். நாய்கள் குரைக்கவில்லை, ஒதுங்கி வழிவிட்டன. அவை போர்வீரனின் வீட்டுக்குப் போகவில்லை. பின்னியவளின் வீட்டுக்குத்தான் வந்தன. எனவே எந்தப் பெண்ணுக்கும் யாருக்காக அழுகிறோம் என்று தெரியவில்லை, தெரியாமலேயே அழக் கற்றுக்கொண்டார்கள். சாக்ஸை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சிலர் இலை போட்டுச் சோறு வைத்தார்கள், சிலர் ஃபாத்திஹா ஓதினார்கள், செசிலி மாதா கோயிலில் பூசைக்கு எழுதிக்கொடுத்தாள்; பெயர் என்ன என்று சாமியார் கேட்டதற்கு, "ஒம்பதாம் நம்பர் காலு சாமி, அவ்வளவுதான் தெரியும்" என்றாளாம்.

நாற்பத்தாறு ஜோடி பின்னி மாளிகையின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய பாக்கியத்தம்மாள் இப்போது மூன்று மணியானால் வாசற்கதவைச் சாத்திக்கொண்டு சாமியறையில் உட்கார்ந்தாள். அவள் வாசலுக்குத்தான் அதிகம் வந்தன. ரஹ்மத் பீவி பின்னியது மொத்தம் இரண்டு ஜோடி, அதுவும் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு, எவனும் போட்டிருக்கமாட்டான். அவள் வாசலுக்கு ஒன்றும் வரவில்லை. "பதக்கம் வாங்குறப்போ என்ன ஆட்டம் ஆடினீங்க" என்று ஒருநாள் கேலிசெய்ய வாயெடுத்தவள், பாக்கியத்தம்மாளின் கொடியில் தொங்கிய பத்தொன்பது ஜோடியைப் பார்த்துவிட்டு, "குடுங்கக்கா, பாதிய நான் அலசுறேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

சிலசமயம் ஒற்றையாகவும் வந்தன. மொத்தம் ஐந்து. முதல் ஒற்றை செசிலிக்குத்தான். ஒரு மாதம் கழித்து ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பையனின் கடிதம் வந்தது. ஒரு கால் போனது, உயிர் இருக்கிறது, மிஞ்சிய சாக்ஸில் உங்கள் பெயரைப் பார்த்து எழுதுகிறேன், அக்கா, அந்த முடிச்சு ஒவ்வொரு அடிக்கும் குத்தும், குத்தும்போதெல்லாம் ஊர் ஞாபகம் வரும், கூடவே கெட்ட வார்த்தையும் வரும் என்று எழுதியிருந்தான். செசிலி அதை எனக்குப் படித்துக்காட்டிச் சிரித்தாள். நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முடிச்சு குத்தி நடை தளர்ந்தவர்கள் எத்தனை பேர்? தளர்ந்ததால் பின்தங்கியவர்கள்? அந்த முடிச்சால்தான் அவை வழி கண்டுபிடித்து வருகின்றன என்று ஊரில் சொன்னார்கள். எது உண்மை என்று யாரிடம் கேட்பேன்? ஐந்து ஒற்றைகளில் மூன்றுக்கு ஜோடி பின்னால் வரவே இல்லை. ஒன்றுக்கு மூன்றாம் நாள் வந்தது. ஒன்றுக்குப் பதினோராம் நாள். அதற்குமேல் தாமதித்து எதுவும் வந்ததில்லை. பன்னிரண்டாம் நாள் விடிந்தும் ஜோடி வராவிட்டால் ஊர் அதை உயிர் என்று எழுதிக்கொண்டது.

வானொலியில் வாரந்தோறும் வெள்ளிக்கிழமை என் கணவர் பேசுவார். இறந்தவர்கள் ஏழு என்றார். மறுவாரமும் ஏழு என்றார். அன்று ஊரின் கொடிகளில் நூற்று எண்பத்தொரு ஜோடி காய்ந்துகொண்டிருந்தன.

தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது: மக்களின் மனஉறுதியைக் குலைக்கும் ராணுவ உடைமைகளை உடனே கைப்பற்றவும். செயலாளர் வரதாச்சாரி போலீஸ் வேனை அனுப்பி வீடுவீடாக அள்ளிவரச் செய்து, நடன மண்டபத்தில் கொட்டிப் பூட்டி, சாவியை வெள்ளித் தட்டில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார். "சாவி அம்மாகிட்ட இருக்கறதுதான் உசிதம். வேலைக்காரா கையில கொடுத்தா, ஆளாளுக்கு ஒரு அத்தை, சித்தி பின்னியிருப்பா."

மறுநாள் மூன்று மணிக்கு நான் மாடியில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே, பூட்டிய மண்டபத்தில், அவை எழுந்தன. கம்பளிக்குச் சத்தம் கிடையாது என்பார்கள். முந்நூற்றுச் சொச்சம் கம்பளிப் பாதங்கள் மரத்தரையில் நடந்தால் கேட்கும், தூரத்து மழைபோலக் கேட்கும். கதவுவரை வந்தன. நின்றன. திரும்பின. மறுபடி வந்தன. சாருமதி பால் குடிப்பதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தாள். அடுத்தநாளும் அப்படியே. மாளிகையில் எல்லோருக்கும் கேட்டது, எவரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சமையல்காரர் மட்டும் மூன்று மணிக்கு அம்மியில் அரைக்கத் தொடங்கினார். எட்டு நாள் நான் அந்தச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மழையைத் தனியாகக் கேட்டேன்.

புதன்கிழமை பெண்கள் வந்தார்கள். ஊசி இல்லை, நூல் இல்லை. தோட்டத்துப் புல்லில், வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு முந்நூறு பேரும் உட்கார்ந்தார்கள். நான் படியில் நின்றேன்.

செசிலிதான் எழுந்தாள். "எங்க புள்ளைங்களக் குடுத்துருங்கம்மா."

"அது அரசாங்க உத்தரவு..."

"அரசாங்கம் பின்னுச்சா?" என்றாள் ரஹ்மத் பீவி. பிறகு, கடிந்து பேசிவிட்டோமோ என்று பதறி, "நீங்களும் கைக்குழந்தக்காரிதானேம்மா" என்றாள்.

பாக்கியத்தம்மாள் கையிலிருந்த வெள்ளிப் பதக்கத்தைப் படியில் வைத்தாள். "இத வச்சுக்கிட்டு அதக் குடுங்க. பத்தொம்பது பேரு. நாஞ் சோறு வைக்காம யாரு வைப்பா?"

எனக்குப் பயம். எனக்கு எதற்குத்தான் பயமில்லை? சைரனுக்குப் பயம், குழந்தையின் சளிக்குப் பயம், வெள்ளித் தட்டுக்குப் பயம், சுவரில் இருக்கும் அந்த அம்மாளுக்குப் பயம். அந்தப் பயத்தோடுதான் பூட்டைத் திறந்தேன். மணி மூன்றடித்தது. அவை வெளியே வந்தன, ஒன்றையொன்று தள்ளாமல், அணிவகுப்புப் பழகிய நடையில், படியிறங்கிப் புல்லில் பரவி, ஒவ்வொன்றும் தன்தன் பெயர்க்காரியின் மடியைத் தேடி ஏறிப் படுத்துக்கொண்டது. வாயிற்காவலர்கள் துப்பாக்கியை நிமிர்த்தி மரியாதை செய்தார்கள், யாரும் உத்தரவிடவில்லை. எல்லாம் போனபின் மண்டபத்தில் என் மடிக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. நான் பின்னிய ஒரே ஜோடி மாதிரிச் சாக்ஸ்தான். அது என் அலமாரியில் இருந்தது.

அன்று மாலை அவர் கோபத்தோடு வருவார் என்று நினைத்தேன். வந்து, தொப்பியைக் கழற்றி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "எத்தனை ஜோடி இருந்தது, சுகிர்தா?"

"நூற்றுத் தொண்ணூற்றாறு."

அவர் தொப்பியைக் கட்டிலில் வைத்தார். "எனக்கு வந்த தாளில் ஏழு என்றுதான் இருந்தது. நான் தாளைத்தான் படித்தேன்." பிறகு, "நீ தினம் அதைக் கேட்டாயா?"

"மூன்று மணிக்கு."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"எப்போது?" என்றேன். அந்த ஒரு சொல்லைக் கேட்க எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

அவர் மலைக்குப் போகத் தீர்மானித்தார். ஆளுநர் போர்முனைக்குப் போகவேண்டியதில்லை என்று வரதாச்சாரி சட்டப் பிரிவுகளைச் சொன்னார். தலைநகரிலிருந்து இருமுறை தொலைபேசி வந்தது. "நானே எண்ணிவிட்டு வருகிறேன்" என்பதைத் தவிர அவர் வேறு பதில் சொல்லவில்லை. பெட்டியை நான் கட்டினேன். வேட்டி, மருந்து, ஷேவிங் சாமான், அடியில் அந்த மாதிரி ஜோடி. எனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக வைத்தேன். தாளை நம்பி நான் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது. அன்பு என்று சொன்னால் அது பாதிப் பொய்.

கிளம்பும் அன்று பெட்டியைத் திறந்து பார்த்தவர் அதைக் கையில் எடுத்தார். "யார் பின்னியது?"

"நான்."

குதிகாலைத் தடவினார். "அந்த முடிச்சோடுதானே?"

ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது, அவருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு முகம் எரிந்தது. அவர் சிரித்தார், கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்த முதல் சிரிப்பு. பிறகு சித்திரை வெயிலில், வேர்த்து வழிய, கட்டிலில் உட்கார்ந்து, வலதுகாலில் ஒன்றும் இடதுகாலில் ஒன்றுமாக அந்தக் கம்பளிச் சாக்ஸை அங்கேயே மாட்டிக்கொண்டார். "ஆ, குத்துகிறது" என்றார். தொட்டிலில் கிடந்த சாருமதியின் உள்ளங்காலை ஒருவிரலால் தொட்டுவிட்டுப் போனார்.

இரண்டு வெள்ளிக்கிழமை வானொலியில் அவருடைய குரல் இல்லை. வேறொருவர், ஆளுநர் நலமாகப் போர்முனையைப் பார்வையிடுகிறார் என்று படித்தார்.

மூன்றாம் வாரச் செவ்வாய், ரயிலிலிருந்து ஒரு ஒற்றைச் சாக்ஸ் இறங்கியது. தத்தித் தத்தி வந்தது. மதகுச் சுவரில் சாய்ந்து நின்றது. இசக்கிமுத்து கேட்டை விட்டுவிட்டுப் பச்சைக் கொடியைப் பிடித்தபடி அதன்கூடவே நடந்துவந்தான். செசிலியின் தெரு தாண்டி, பாக்கியத்தம்மாளின் தெரு தாண்டி, அது மாளிகைச் சாலையில் திரும்பியபோதுதான் அவனுக்குப் புரிந்து கொடியைத் தாழ்த்தினானாம். படியேறியது. மாடியேறியது. ஐந்து மணிக்கு என் அறைக்குள் வந்து தொட்டிலுக்கருகே படுத்தது. முனையில் பனி. விளிம்பில் என் பெயர். வலதுகால்.

"நான் சொல்றேன் பாருங்க, ஒத்தைன்னா உசுரு இருக்கு" என்றாள் பாக்கியத்தம்மாள். அவள் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், வேலைக்காரர்கள் வாயைப் பிளந்து பார்க்க. செசிலி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். ரஹ்மத் பீவி சாக்ஸை அலசிக் காயப்போட்டாள். மூன்று நாள் கெடு கடந்தது. இனி பதினோராம் நாள்தான் பாக்கி.

அந்தச் சாக்ஸ் வந்த மறுநாளிலிருந்தே இசக்கிமுத்து ஒரு காரியம் செய்தான். தபால் ரயில் போனபிறகும் சாலைக் கேட்டைத் திறக்கவில்லை. பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்டின் முன்னாலேயே குந்தியிருந்தான். ஒன்பது நாளாகப் பேருந்துகளும் உப்பு வண்டிகளும் கலங்கரை விளக்கத்தைச் சுற்றி நான்கு மைல் போகின்றன. ஊரில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வேறு யாருக்கான சாக்ஸும் இந்த ஒன்பது நாளில் வரவில்லை. சண்டை ஓய்ந்ததோ, அல்லது கேட்டுக்கு அந்தப்பக்கம் காத்து நிற்கின்றனவோ, யாருக்கும் போய்ப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

இன்று காலை வரதாச்சாரி ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். ரயில்வேயின் புகார். "கேட்டை உடனே திறக்க உத்தரவு போடணும்னு கேட்டிருக்கா. என்ன எழுதட்டும்?"

"இன்னும் இரண்டு நாள் பரிசீலனையில் இருக்கட்டுமே" என்றேன்.

"நேக்கும் அதான் தோணித்து" என்றார் அவர், கோப்பின் நாடாவைத் தேவைக்கு மேலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டு.

பெண்கள் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இப்போது நானும் சாருமதியும் முப்பத்திரண்டு அறைகளும். கேட்டின் அடிக்கம்பிக்கும் தார்ச் சாலைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருக்கிறது. இசக்கிமுத்துக்கும் அது தெரியும். ஒரு சாக்ஸ் குனியாமலேயே வரலாம்.

இந்த ஒன்பது நாளில் குதிகால் வளைவைப் பின்னக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தது ரஹ்மத் பீவி. பருத்தி நூலில் அவளுக்கு முதலிலிருந்தே அது தெரியுமாம், எல்லோரும் முடிச்சுப் போட்டதால் அவளும் போட்டாளாம். இன்றிரவு ஒரு சாக்ஸை முடித்துவிட்டேன். இடதுகாலுக்கு மட்டும். குதிகாலில் விரலை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் குத்தவில்லை. பெயர் தைப்பதற்காகச் சிவப்பு நூலை ஊசியில் கோத்து, வாய்விளிம்பைப் புரட்டினேன். கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு நூலை உருவிவிட்டேன். இதற்குத் திரும்பிவர ஒரு வாசல் வேண்டாம்.